சாலிஸ்பரி சமவெளியின் ஓரத்தில் வீடு வாங்குவது

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு மேற்கே சில மைல் தள்ளி இருக்கும் ஷ்ரூட்டன் கிராமத்தில் நாங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். சாலிஸ்பரிக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் நகரத்து வாடகையைப் பார்த்து மலைத்துப்போய், சுற்றியுள்ள கிராமங்களில் வீடு தேடத் தொடங்கும்போது, யாரோ சொல்லி என்னை அழைத்து விசாரிப்பதுண்டு. பீரங்கிப் பயிற்சி நடக்கும் இடத்துக்கு இவ்வளவு அருகில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். பலருக்கு அதோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. ஒருவர்கூட என்னிடம் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்டதில்லை. அண்டை நிலம் யாருடையது என்று கேட்டதில்லை. நம்மூரில் சொந்தமாக வாங்கிய வீடு இங்கே வரிக் கணக்கில் வருமா என்றும் கேட்டதில்லை. பீரங்கிச் சத்தம் எவரிடமிருந்தும் ஒளிந்துகொள்வதில்லை. வீடு பார்க்க வருகிறவர் அதைத் தம் காதாலேயே கேட்டு, தம்மால் தாங்க முடியுமா என்று முடிவு செய்துகொள்ளலாம். பணத்தையும் நிம்மதியையும் பறிக்கக்கூடியவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதவை. அவற்றைப் பற்றி விரிவாகவே எழுதிவிட வேண்டும் என்று வெகு காலமாக நினைத்திருந்தேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கடல்கடந்து வந்த மலிவான தானியத்தால் இங்கிலாந்தின் விவசாயம் நொடித்துப்போய், சுண்ணாம்பு மேட்டு நிலங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த நேரத்தில், 1897-ஆம் ஆண்டு முதல் போர் அமைச்சகம் இந்தச் சமவெளியைத் துண்டு துண்டாக வாங்கத் தொடங்கியது. இன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் இங்கே ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் இருக்கிறது. பிரிட்டனிலேயே மிகப் பெரிய இராணுவப் பயிற்சி நிலம் இதுதான். எங்களுக்குப் பக்கத்தில் லார்க்ஹில்லில் பீரங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி உள்ளது. கிழக்கே புல்ஃபோர்டும் டிட்வொர்த்தும் பெரிய படைக்குடியிருப்புகள். மேற்கு எல்லையில் வார்மின்ஸ்டர் இருக்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் வீடு வாங்குகிறவர், யாரும் எதிர்பார்க்காத ஓர் அண்டைவீட்டாரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். அந்த அண்டைவீட்டார் நிலத்தை மனை போட்டு விற்கப்போவதில்லை என்பதால், கிராமத்துக்கு வடக்கே விரியும் புல்வெளியில் நாளைக்கு நானூறு வீடுகள் எழும்பிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த நிலத்தில் என்ன நடக்கிறது, எந்த நேரத்தில் நடக்கிறது என்பதில் நமக்குப் பேச்சுரிமையும் பெரிதாக இல்லை. இந்த இரண்டையும் ஒருசேர மனதார ஏற்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்த இடம் ஒத்துவரும்.

இனி சத்தம். பீரங்கிகள் சமவெளியின் பல நிலைகளிலிருந்து நடுவில் உள்ள குண்டு விழும் பகுதியை நோக்கிச் சுடுகின்றன. சுடும் ஓசை ஒன்று, குண்டு வெடிக்கும் ஓசை இன்னொன்று. 105 மில்லிமீட்டர் இலகு பீரங்கியின் ஓசை தூரத்தில் யாரோ கனமான கதவைச் சாத்துவதைப் போல இருக்கும். 155 மில்லிமீட்டர் குண்டு வெடித்தால் அது காதுக்கு வருவதற்கு முன்பே ஜன்னல் கண்ணாடிக்கு வந்துவிடும். சட்டத்துக்குள் கண்ணாடி சன்னமாக அதிரும், அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும், அப்புறம்தான் நெஞ்சில் ஒரு தள்ளல் போல ஓசை வரும். எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேகம் தாழ்ந்து கவிந்திருக்கும் நாள்களிலும், குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும் மாலைகளிலும் ஓசை வெகுதூரம் பரவுகிறது. வடக்கிலிருந்து காற்றடித்தால் அதே பயிற்சி இருமடங்கு அருகில் நடப்பது போலத் தோன்றும். தெற்கிலிருந்து அடித்தால் நடப்பதே தெரியாது. இரவுப் பயிற்சியும் உண்டு. பீரங்கியைவிட எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது ஹெலிகாப்டர்தான்: இரண்டு சுழல்விசிறிகளுடன் தாழப் பறக்கும் சினூக், கூரைக்கு மேல் கடக்கும்போது கட்டிலின் சட்டம்கூட அதிரும்.

சுடும் நேரங்களை அரசு தன் இணையதளத்தில் மாதந்தோறும் முன்கூட்டியே வெளியிடுகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. எஸ்டேட் ஏஜெண்ட் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் வீட்டைக் காட்டுவார். அன்றைக்கு வானம்பாடிகளின் பாட்டு மட்டும்தான் கேட்கும். அந்தக் கால அட்டவணையைப் பார்த்து, பயிற்சி நடக்கும் ஒரு வார நாளில் இரண்டாம் முறை பார்க்கக் கேளுங்கள். வடக்குப் பக்கத்துப் படுக்கையறையில் ஜன்னலை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை சற்று நேரம் உட்காருங்கள். முடிந்தால் ஒரு வார இரவில் கிராமத்தின் பப்பில் சாப்பிட்டுவிட்டு, அங்கிருப்பவர்களிடம் பேசுங்கள். இந்த ஊர்க்காரர்கள் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டினரும், இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டியவர்களும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். என் வேலையிலும் இரவு ஷிப்ட் உண்டு. பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடிவதற்கு ஒரே காரணம், தெற்குப் பார்த்த அறையைப் படுக்கையறையாக வைத்துக்கொண்டதுதான்.

ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பள்ளத்தாக்கில் பழைய வீடுகள் பலவும் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பவை. பட்டியலில் உள்ள வீட்டின் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி போடுவதற்கு, கவுன்சிலிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம், முன்னால் இருந்தவர் மாற்றியிருந்தாலும் இப்போதைய சொந்தக்காரரைத்தான் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். பழைய ஜன்னலுக்கு உட்புறமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவது நடைமுறையில் எளிதான வழி, சத்தத்தையும் அது நன்றாகவே குறைக்கிறது. அழகான பழைய வீட்டைக் கண்டு மயங்குகிறவர்கள், சத்தத்தைத் தடுக்கும் வழிகள் அந்த வீட்டில்தான் மிகக் குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அதிர்வால் சுவர் விரிசல் விடுமா என்றும் கேட்கிறார்கள். இங்குள்ள பழைய மதில்கள் சுண்ணாம்புக்கல்லை மண்ணாகக் குழைத்து, வைக்கோல் கலந்து, அடுக்கடுக்காக மிதித்துக் கட்டியவை. மேலே ஓடோ வைக்கோலோ வேய்ந்து, மதிலுக்கே ஒரு சின்னக் கூரை போட்டிருப்பார்கள்; நம் கிராமங்களில் மண்சுவருக்கு மேல் பனையோலை கவிழ்த்து வைப்பதைப் போல. அந்தக் கூரை ஒழுகினால் ஒன்றிரண்டு குளிர்காலத்திலேயே மதில் கரைந்து உப்பி விழுந்துவிடும். நான் பார்த்தவரையில் இங்கே விரிசல்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கிறது. பீரங்கியின் மீது பழி போடுவது எளிதாக இருக்கிறது. இராணுவ நடவடிக்கையால் சேதம் என்று கருதினால் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இழப்பீடு கோரலாம். ஆனால் சேதத்துக்கு அதுதான் காரணம் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. வீடு வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையின் சுவரையும் கூரையையும் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நடைபாதைகள் பயிற்சி நிலத்துக்குள்ளும் செல்கின்றன. சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பகுதிக்குள் போகக் கூடாது; இது சட்டம். கொடி இல்லாத நாளிலும் பாதையை விட்டு விலகக் கூடாது, தரையில் கிடக்கும் எந்த உலோகத்தையும் தொடக் கூடாது, தொட்டால் வெடித்து உயிர் போகலாம் என்று பலகைகள் எச்சரிக்கின்றன. இங்கு வளரும் பிள்ளைகளுக்குச் சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கும் வயதிலேயே இதையும் சொல்லிக்கொடுக்கிறோம். சாலையிலும் கவசவண்டிகள் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் அவை இழுத்து வரும் சுண்ணாம்புச் சேறு தாரின் மேல் வெண்மையாகப் படிந்து வழுக்கும். சிட்டர்ன் கிராமத்துக்குப் போகும் வழியில் உள்ள காப்ஹில் டவுன், ஊருக்குள் சண்டையிடப் பழகுவதற்காக 1988-இல் ஜெர்மானிய ஊரின் சாயலில் கட்டப்பட்ட பயிற்சிக் கிராமம். தேவாலயக் கோபுரம் வரை எல்லாம் இருக்கிறது, குடியிருப்பவர் மட்டும் யாரும் இல்லை.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவே இந்த நிலம் தரும் நன்மையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தென்னிங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் மிகப் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உழவுக்கும் உரத்துக்கும் பலியானது; இராணுவத்தின் கையில் இருந்ததால் இந்தச் சமவெளி உழப்படவில்லை. வடமேற்கு ஐரோப்பாவிலேயே மிக விரிந்த சுண்ணாம்புப் புல்வெளி இன்று இங்கேதான் எஞ்சியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் அற்றுப்போன கானமயில் இனத்தைச் சேர்ந்த பெரிய பறவையை 2004 முதல் இங்கே மறுபடியும் வாழவைக்க முயன்று வருகிறார்கள். கவசவண்டிச் சக்கரங்கள் தோண்டிவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கும்போது, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு இறால்கள் அந்தக் குட்டையில் மல்லாந்து நீந்துவதைப் பார்க்கலாம். குட்டை வற்றினாலும் முட்டைகள் உலர்ந்த சேற்றில் உயிரோடு கிடக்கும். வண்டிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த குழிக்கும் போகும். போர்க்கருவி ஒன்று உயிரினத்தைப் பரப்புவதை என் மகளுடன் மண்டியிட்டுப் பார்த்த பிறகு, இந்த நிலத்தை எனக்கு அந்நியமாக நினைக்க முடியவில்லை.

ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வியின் கனத்தை உணர வேண்டுமானால் இம்பர் கிராமத்துக்குப் போக வேண்டும். சமவெளியின் நடுவில் இருந்த அந்தக் கிராமத்து மக்களை 1943 நவம்பர் 1 அன்று பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்காக ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் 47 நாள்கள். டிசம்பர் 17-க்குள் ஊர் வெறுமையானது. போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பிக் குடியேறவே இல்லை. 1961-இல் நடந்த பெரிய கிளர்ச்சிக்குப் பிறகும் ஊர் திறக்கப்படவில்லை. போருக்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரின் வீடுகளையும் வயல்களையும் போர் அமைச்சகம் பெரும்பாலும் விலைக்கு வாங்கிவிட்டிருந்தது. மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டில் வாடகைக்காரர்களாக மட்டுமே இருந்தார்கள். எதிர்த்து நிற்க அவர்கள் கையில் பத்திரம் இல்லை. இப்போது ஆண்டில் சில நாள்கள் மட்டும் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தைப் பார்க்க மக்களை அனுமதிக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் வார்மின்ஸ்டரிலிருந்து பழைய லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளும் அங்கே ஓடுகின்றன. இந்த வட்டாரத்தில் வீடு வாங்க நினைக்கும் எவரும் அந்தத் தேவாலயத்தின் உள்ளே ஒருமுறை நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் கருத்து. இன்றைக்கு எங்கள் கிராமத்துக்கு அப்படி நேரும் என்று நான் அஞ்சவில்லை. என்றாலும் ஃப்ரீஹோல்ட் என்ற முழு உரிமையின் மதிப்பு என்னவென்று அங்கே தெரிந்துகொண்டதைப் போல வேறெங்கும் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது தண்ணீர். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர் வழியே ஓடும் டில் ஆறு குளிர்கால ஆறு. கோடையில் புல் முளைத்த வெற்றுப் பள்ளமாகக் கிடக்கும், சிறு பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடுவார்கள். இலையுதிர்காலத்து மழை சுண்ணாம்புப் பாறைக்குள் மெல்ல இறங்கி, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, தை மாசி மாதங்களில் ஆறு மறுபடி ஓடத் தொடங்கும். மழை மிகுந்த ஆண்டில் நீர் ஆற்றோடு நிற்காது. தாழ்வான வீடுகளின் தரைக்கு அடியிலிருந்தே ஊறி மேலே வரும். வெளியே மணல் மூட்டை அடுக்குவதால் இதைத் தடுக்க முடியாது. வானம் தெளிந்து வெயிலடிக்கும் நாளிலும் நீர் ஏறிக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் வடியாது. அதே நீர் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் புகுந்துவிடுவதால், வீட்டுக்குள் ஒரு சொட்டு வராதவர்களுக்கும் கழிவறை மெதுவாக வடியும், தெருவில் இறைப்பு லாரிகள் இரவுபகலாக ஓடும். 2014-இன் தொடக்கத்தில் இந்தச் சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகள் பலவும் அப்படித்தான் நீரில் கிடந்தன.

ஷ்ரூட்டனுக்கு இது புதிதல்ல. 1841 ஜனவரி 16 அன்று, உறைந்து கிடந்த தரையின் மேல் பனி சட்டென்று உருகி ஓடியதில், டில்ஸ்ஹெட், ஆர்செஸ்டன், ஷ்ரூட்டன் கிராமங்களில் வீடுகள் இடிந்து விழுந்தன, உயிர்களும் போயின. மறு ஆண்டு, பொதுமக்கள் திரட்டிய நன்கொடையில் சில குடிசை வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒன்றின் முகப்பில் பதித்த கல்வெட்டை நான் நின்று முழுவதும் படித்திருக்கிறேன். வீடுகள் அறங்காவலர்களின் பொறுப்பில் இருக்க வேண்டும், வாடகையிலிருந்து பழுதுபார்க்கத் தேவையானதை ஒதுக்கிக்கொண்டு மீதியை ஏழைகளுக்கு விறகும் துணியுமாக ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16 அன்று என்றென்றைக்கும் வழங்க வேண்டும் என்று அதில் பொறித்திருக்கிறது. வெள்ளத்தின் நினைவை ஊரே சுவரில் எழுதி வைத்திருக்கும்போது, அதைப் படிக்காமல் வீட்டின் சமையலறையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கிலாந்தின் வெள்ள வரைபடங்கள் ஆற்றையும் கடலையும் மழைநீர்த் தேக்கத்தையும் காட்டும் அளவுக்கு நிலத்தடி நீரைத் தெளிவாகக் காட்டுவதில்லை. எனவே விற்பவரிடம் சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர், மூலம் நேரடியாகக் கேளுங்கள்: எந்த ஆண்டுகளில் தரைக்கு அடியில் நீர் வந்தது, இறைக்கும் பம்பு இருக்கிறதா, காப்பீட்டில் எப்போதாவது இழப்பீடு வாங்கியிருக்கிறீர்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியான காப்பீடு கிடைப்பதற்காக 2016 முதல் ஃப்ளட் ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 2009 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வீடுகளுக்குத்தான் அது பொருந்தும், 2039-இல் அதுவும் முடிவுக்கு வருகிறது. விலை பேசுவதற்கு முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டு மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். வைக்கோல் வேய்ந்த கூரை என்றால் காப்பீட்டாளர் புகைபோக்கியைப் பற்றியும் மின்கம்பிகளைப் பற்றியும் இன்னொரு பட்டியல் கேள்வி வைத்திருப்பார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, நம்மூர் வில்லங்கச் சான்றுக்குப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு மயக்கம் வருகிறது. சொலிசிட்டர் செய்யும் தேடல்களில் எல்லாமே வந்துவிடும் என்று நினைக்கிறோம். கவுன்சில் தரும் பதில்கள் பெரும்பாலும் நாம் வாங்கும் வீட்டை மட்டுமே பற்றியவை. பக்கத்து நிலத்தில் பீரங்கி சுடுகிறார்கள் என்று அதில் யாரும் எழுதித் தரமாட்டார்கள். சொலிசிட்டர் வீட்டை நேரில் வந்து பார்ப்பதும் வழக்கமில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் பணத்துக்காக வருகிறவர். பழைய வீடு என்றால் கட்டடத்தை மிக விரிவாகப் பரிசோதிக்கும் 3-ஆம் நிலை சர்வேயைச் சொந்தச் செலவில் எடுப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விலை ஒத்துக்கொண்ட பிறகும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் ‘எக்ஸ்சேஞ்ச்’ நாள் வரை இரு தரப்புக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. விற்பவர் அதிக விலை கொடுக்கும் இன்னொருவரிடம் போய்விடலாம், நாமும் எந்தத் தண்டமும் இல்லாமல் விலகலாம். விலகும் உரிமை அதுவரை நம் கையில் இருப்பதால், கேட்க வேண்டியதையெல்லாம் அதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும். இயற்கை எரிவாயுக் குழாய் இல்லாத வீட்டில் எண்ணெய்த் தொட்டியின் வயது என்ன, பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேராத வீட்டில் மலக்குழித் தொட்டி எங்கே வடிகிறது என்பவையும் அந்தக் கேள்விகளில் சேரும். தொட்டியிலிருந்து நேராக ஓடையில் விடுவதற்கு இப்போது அனுமதி கிடையாது.

முத்திரை வரியில் நம்மவர்கள் ஏமாந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 3,00,000 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் 5,00,000 வரையிலான பகுதிக்கு 5 சதவீதம். ஆனால் உலகத்தில் எங்கும் இதுவரை குடியிருப்பு வீடு சொந்தமாக வைத்திருக்காதவர்தான் முதல் வீடு வாங்குகிறவர். சென்னையில் அடுக்குமாடி வீடு ஒன்று உங்கள் பெயரில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதோடு, இன்னொரு வீடு உங்களுக்கோ உங்கள் வாழ்க்கைத் துணைக்கோ இருந்து அதன் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால், பொதுவாக முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி சேரும். 3,50,000 பவுண்டு வீட்டுக்குச் சலுகையோடு கட்ட வேண்டியது 2,500. சலுகை இல்லாவிட்டால் 7,500. கூடுதல் வரியும் சேர்ந்தால் 25,000. பெற்றோர் பாசத்தில் எழுதி வைத்த பங்குக்கும் தனி விதிகள் இருக்கின்றன. விலை பேசும் முன்பே சொலிசிட்டரிடம் ஊர்ச் சொத்து முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிக் கணக்குக் கேளுங்கள்.

படைத்தளத்துக்கு அருகில் தேடும்போது, முன்பு இராணுவக் குடும்பங்கள் குடியிருந்து பிறகு விற்பனைக்கு வந்த வீடுகளும் கண்ணில் படும். 1996-இல் பாதுகாப்பு அமைச்சகம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த தன் குடியிருப்புகளில் 57,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அன்னிங்டன் என்ற தனியார் நிறுவனத்துக்கு 166 கோடி பவுண்டுக்கு விற்று, அவற்றையே மறுபடி வாடகைக்கு எடுத்துக்கொண்டது. தேவைப்படாமல் திரும்பிய வீடுகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. எஞ்சிய 36,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அரசு 2025 ஜனவரியில் ஏறக்குறைய 600 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. இந்த வீடுகள் விசாலமான அறைகளும் பெரிய தோட்டமும் உள்ளவை, விலைக்குத் தகுந்த மதிப்பும் பெரும்பாலும் உண்டு. பார்க்க வேண்டியது தெருவை: அதைப் பராமரிக்கும் பொறுப்பைக் கவுன்சில் ஏற்றிருக்கிறதா, தனியார் சாலையா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஆண்டுதோறும் ஏற வரம்பு உண்டா, தண்ணீரும் கழிவுநீரும் யார் பொறுப்பு. தனியார் சாலையாக இருந்து ஒப்பந்தத்தில் வரம்பு எழுதியிருக்காவிட்டால், ஃப்ரீஹோல்ட் வாங்கிய பிறகும் கட்டணம் காலமெல்லாம் தொடரும்.

அண்டை அயலாரைப் பற்றி. 2019-ஐ ஒட்டி ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 4,000 படையினர் குடும்பங்களோடு சமவெளிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்காக லார்க்ஹில், புல்ஃபோர்ட், லட்கர்ஷால் ஆகிய ஊர்களில் 900-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின, பள்ளிகளும் வளர்ந்தன. படையில் ஃபிஜித் தீவுக்காரர்கள் கணிசம் என்பதால், கிராமப்புற இங்கிலாந்தில் எதிர்பார்க்க முடியாத அளவுக்குப் பல நிறத்துப் பிள்ளைகள் இங்கே ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். என் மகள் பள்ளியில் தனித்துத் தெரியவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் யாராவது புதிதாக வருவதால், புதியவரை வரவேற்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைவந்திருக்கிறது. அதன் மறுபக்கம், உயிருக்குயிரான தோழியின் அப்பாவுக்கு வேறு தளத்துக்கு மாற்றல் வந்து அவள் போய்விடுவது. அப்படிப் போன தோழிகளுக்குக் கடிதம் எழுத உட்காரும் மகளுக்கு என்னால் அதிகம் ஆறுதல் சொல்ல முடிவதில்லை. வெளிநாட்டுப் பணிக்குப் படைப்பிரிவு கிளம்பினால், தெருவில் பாதி வீட்டில் அம்மாக்கள் மட்டும் பிள்ளைகளோடு இருப்பார்கள். குப்பைத்தொட்டியை இழுத்து வைப்பது, பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவது போன்ற சின்னச் சின்ன உதவிகள்தான் அப்போது அண்டை வீட்டுறவின் உயிர். ஊரைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொறுப்பு, நிலையாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது. ஊர்க் கூடத்தின் பொறுப்பாளர் குழுவில் நான் சேர்ந்தது அதனால்தான்.

சாலை நெரிசலையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஏ303 நெடுஞ்சாலை ஸ்டோன்ஹெஞ்ச் அருகே திசைக்கு ஒரு தடமாகக் குறுகுவதால், கோடை வெள்ளிக்கிழமைகளில் அங்கே தேங்கும் வண்டிகள் குறுக்குவழி தேடி எங்கள் கிராமத்துக்குள் நுழைகின்றன. நெரிசலைத் தீர்க்கும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட சுரங்கச் சாலைத் திட்டத்தை அரசு 2024 ஜூலையில் கைவிட்டது. எனவே ஊரின் நடுவில், நடைமேடை இல்லாத குறுகிய சாலையை ஒட்டிய வீட்டைவிட, கிளைத் தெருவில் உள்ள வீட்டுக்குச் சற்று அதிகம் கொடுப்பது தகும்.

விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் கிடைப்பாரா என்ற கவலைக்கு என் பதில், கிடைப்பார் என்பதே. படையினர் சொந்த வீடு வாங்குவதற்காக, ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, 25,000 பவுண்டுக்கு மிகாமல், வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் இருக்கிறது. பாஸ்கம் டவுன் விமானத் தளத்திலும் போர்ட்டன் டவுன் ஆய்வகத்திலும் பணிபுரிபவர்களும் இந்தக் கிராமங்களில்தான் வீடு தேடுகிறார்கள். இவர்களுக்குப் பீரங்கிச் சத்தம் பழகியது. அவர்கள் விசாரிப்பது அடித்தளத்தையும் நீர்மட்டத்தையும் பற்றித்தான். ஆகையால் நீங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தால், ஆறு வற்றிக் கிடக்கும் ஆகஸ்டில் மட்டும் வராமல், பிப்ரவரியிலும் ஒருமுறை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, டில் ஆறு அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து எத்தனை அடி தாழ்வாக ஓடுகிறது என்று நின்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.